வண்டியைப் பேணும் நெறி

தஞ்சை வளநாட்டைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்பர். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. அவற்றினின்று குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு முதலிய ஆறுகள் கிளைக்கின்றன. அவ்வாறுகளினின்று வாய்க்கால்கள் பிரிந்து வயல்தோறும் நீரைக் கொண்டு சேர்க்கின்றன. மேட்டூர் அணையின் நீர் வழக்கமாக ஜூன் மாதம் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறந்துவிடப்படும். அந்நீர் வந்து சேருமுன்பே ஆறுகளும் வாய்க்கால்களும் தூர் வாரப்படும். மதகுகளின் பலகைகள் பழுது பார்க்கப்படும். தளர்ந்த கரைகள் உயர்த்தப்படும். நீர் பெருகி வந்தபின் தூர் வார இயலாது. கரை உடைந்தபின் பயிரைக் காக்க இயலாது. வெள்ளம் வருமுன் அணை போடுதலே அறிவுடைமை என்பதை இந்நாட்டு உழவர் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

ஆற்றுக்குப் பொருந்தும் இந்நெறி வண்டிக்கும் பொருந்தும். முற்காலத்தில் பார வண்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர், மாடுகளை நுகத்தில் பூட்டுவதற்கு முன் வண்டியை ஒரு முறை சுற்றி வருவார். கடையாணி உறுதியாக நிற்கின்றதா, சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்துள்ளதா என்று தட்டிப் பார்ப்பார். எண்ணெயும் கரியும் குழைத்த மசகை அச்சில் இடுவார். மாட்டின் கழுத்தில் புண் உண்டா, குளம்பில் லாடம் தேய்ந்துள்ளதா என்று நோக்குவார். இரவுப் பயணமாயின் வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார். இவை அனைத்திற்கும் ஆகும் காலம் சிறிதே. ஆயினும் நள்ளிரவில், நடுவழியில், அச்சு முறிந்து நிற்கும் பெருந்துன்பத்தினின்று இச்சிறு செயல்களே அவரைக் காத்தன.

மாட்டு வண்டியின் இடத்தை இன்று மோட்டார் வண்டி பெற்றுள்ளது. ஊர்தோறும் கார்களைக் காண்கிறோம். வேகம் மிகுந்தது, வசதி பெருகியது. ஆனால், புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும் பழைய பழக்கம் பலரிடத்தும் மறைந்து வருகின்றது. அப்பழக்கத்தை நாம் ஏன் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்பதையும், காரைப் பேணுவதும் சிக்கனமாக ஓட்டுவதும் பாதுகாப்பாக ஓட்டுவதும் எவ்வாறு ஒரே நெறியின் பகுதிகளாகும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

மோட்டார் வண்டியின் வரலாறே பேணுதலின் வரலாறாகத் தொடங்கியது எனலாம். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் என்பவர் 1886ஆம் ஆண்டில் பெட்ரோலால் இயங்கும் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வண்டி நெடுந்தொலைவு செல்லுமோ என்று மக்கள் ஐயுற்றனர். அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் மைந்தர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் என்னும் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் என்னும் ஊருக்கு அவ்வண்டியிலேயே புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. அவர் தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் கரைப்பானாக விற்கப்பட்ட எண்ணெயை வாங்கி ஊற்றினார். பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவரிடம் சென்று அவற்றின்மீது தோலைப் பொருத்தச் செய்தார். உலகின் முதல் நெடும்பயணம், வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் உணர்ந்து ஓட்டிய ஒருவரால் நிறைவேறியது. அறிந்து ஓட்டுபவர்க்கே வண்டி அடங்கும் என்பது அன்றே விளங்கிற்று.

நம் தஞ்சை மண்ணிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1912ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். புதுக்கோட்டை அந்நாளில் தனிச் சமஸ்தானமாக இருந்தது. சாலைகள் மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் என அமைந்தவை. மாடுகளின் லாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்து பேருந்தின் டயர்களைத் துளைத்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் செலுத்தி, அவ்வாணிகளைத் திரட்டி அகற்ற அவர் ஏற்பாடு செய்தார் என்பர். டயர் துளைபட்டபின் ஒட்டுவதைக் காட்டிலும் துளைபடாமற் காப்பதே மேல் என்பது அவர்தம் எண்ணம். அவருடைய பேருந்துகள் வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்றும் கூறுவர். காலந்தவறாமை என்னும் அப்புகழ் வேகத்தால் மட்டும் வந்ததன்று. நாள்தோறும் வண்டிகளைப் பழுதறப் பேணியதனால் வந்தது.

இனி, காரின் உறுப்புகளுள் நாமே நோக்கத்தக்கவை யாவை என்பதைக் காண்போம். காரின் எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. அவ்வெப்பத்தால் விரியும் வாயு, உருளைக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகின்றது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை எஞ்சின் சுழல்கின்றது. இவ்வளவு விரைவாக உராயும் உலோகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது எஞ்சின் எண்ணெயாகும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, அளவுக்கம்பியை உருவித் துடைத்து மீண்டும் செருகி எடுத்துப் பார்த்தால், எண்ணெயின் மட்டம் இரு குறிகளுக்கு இடையே காணப்படல் வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே சென்றிருப்பின் உடனே நிரப்புதல் வேண்டும். நாள்பட்ட எண்ணெய் கரியும் பொடியும் கலந்து தன் தன்மையை இழக்கும். ஆதலின், வண்டியின் கையேட்டில் குறித்த கால அளவில் அதனை மாற்றிவிடுதல் முறையாகும். ஓடும்பொழுது எண்ணெய் விளக்கு சிவந்து எரியுமாயின், வீடு வந்து சேர்வோம் என்று கருதாமல் அவ்விடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். எண்ணெயின்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகிவிடும்.

எஞ்சினின் வெப்பத்தைத் தணிப்பது ரேடியேட்டரில் சுற்றி வரும் குளிர்விப்பு நீர்மமாகும். இஃது அழுத்தத்தின்கீழ் இருப்பதால் நூறு பாகைக்கு மேல் சூடேறியபோதும் கொதியாதிருக்கும். சூடாக இருக்கும்பொழுது மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் ஆவியாகச் சீறியெழுந்து முகத்தையும் கையையும் வேகச் செய்யும். ஆகவே, எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும். வாய்க்கால் நீரையோ கிணற்று நீரையோ தொடர்ந்து ஊற்றினால், அதிலுள்ள உப்பும் வண்டலும் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். காற்றைத் தூய்மையாக்கும் வடிகட்டியும் கருதத்தக்கது. அறுவடைக் காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் பதரும் தூசியும் பறக்கும். வடிகட்டி அடைபட்டால் எஞ்சினின் ஆற்றல் குன்றும். அது கிழிந்து தூசி உட்புகுந்தால் உருளையின் சுவர் தேயும்.

வண்டி எவ்வளவு பெரிதாயினும், அது சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் அடிப்பகுதியால் மட்டுமே. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவினவே. நான்கு உள்ளங்கை அளவான அவ்விடமே வண்டியின் எடையைத் தாங்குகின்றது. திருப்பத்தில் வழுவாமற் பிடிக்கின்றது. பிரேக்கை மிதித்தவுடன் நிறுத்துகின்றது. எனவே, டயரின் காற்றழுத்தத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் அளத்தல் வேண்டும். உரிய அளவு எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும்; சிறு கார்கள் பலவற்றிற்கு அது சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு வரை அமையும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காட்டும். ஆதலின், புறப்படுமுன் அளப்பதே செம்மையான முறை.

காற்றுக் குறைந்த டயர் சப்பையாகப் படிந்து, உருளுவதற்கு மிகுதியான ஆற்றலை வேண்டி நிற்கும். பெட்ரோல் செலவு மிகும். டயரின் இரு ஓரங்களும் தேயும். நெடுவேகத்தில் சூடேறி வெடிப்பதற்கும் இடமுண்டு. காற்று மிகுந்தால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, சாலையைப் பற்றும் திறன் குறையும். டயரின்மேல் உள்ள வரிப்பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மழைக்காலத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே அகப்படும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்களே அவை. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் அளவிற்குத் தேய்ந்தவுடன் டயரை மாற்றிவிடுதல் வேண்டும். இதனை அறிவிப்பதற்கென்றே பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் அமைக்கப்பட்டுள்ளன. தூர்ந்த வாய்க்கால் வயலின் நீரை வடிக்காதவாறு போல, தேய்ந்த டயர் சாலை நீரை வடிக்காது. வண்டி நீரின்மேல் மிதந்து, ஓட்டுநரின் கைக்கு அடங்காமற் போகும்.

நம் மக்கள் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்று வழங்குகின்றனர். 1904ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் மாற்றுச் சக்கரங்கள் செய்யப்பட்டன. தெருவின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. அதிலும் உரிய அளவு காற்று இருத்தல் வேண்டும். வேண்டும்பொழுது உதவாத மாற்றுச் சக்கரம் வெறும் சுமையே ஆகும்.

பிரேக்கு, காலின் அழுத்தத்தை ஒரு நீர்மத்தின் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது. அந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிக மிக அதன் கொதிநிலை தாழும். இடைவிடாது பிரேக்கை மிதிக்கும்பொழுது அது கொதித்து ஆவிக்குமிழிகளை உண்டாக்கினால், காலடிக் கட்டை தரைவரை தாழ்ந்தும் வண்டி நில்லாது. ஆதலின், பொதுவாக இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று. பிரேக்கை மிதிக்கும்பொழுது கீச்சென்னும் ஒலி எழுந்தாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு, காலந்தாழ்த்தாமல் பழுது பார்ப்பவரிடம் காட்டுதல் வேண்டும்.

இடத்திற்கேற்ற பேணுகையும் உண்டு. நாகப்பட்டினம், வேதாரணியம் ஆகிய கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். அங்கே அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். நெல் சேமித்து வைக்கும் வீடுகளில் எலிகள் மிகுதி. அவை எஞ்சின் அறைக்குள் புகுந்து மின்கம்பிகளைக் கடித்துவிடும். நாள்தோறும் எடுக்காத வண்டியாயின், அவ்வறையை வாரம் ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் நலம். விளக்குகள், திருப்பம் காட்டும் விளக்குகள், மழைநீரைத் துடைக்கும் கைகள் ஆகியவை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்திற்கு முன்பே செம்மையாக்கப்படல் வேண்டும். இவற்றையெல்லாம் நாள் குறித்து ஒரு சிறு ஏட்டில் எழுதி வைப்பது சிறந்த பழக்கம். மறதி என்னும் பகைக்கு ஏடே மருந்து.

அடுத்துச் சிக்கனத்தைக் காண்போம். நெல், விதைத்தால் விளையும். அறுத்தபின் மீண்டும் விதைக்கலாம். பெட்ரோல் அவ்வாறு விளைவதன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சமே மண்ணுக்கடியில் எண்ணெயாக மாறியுள்ளது. காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. எனினும், நம் நாட்டிற்கு வேண்டும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கிட்டு அளிக்கப்பட்டது. அந்நாளில், மரக்கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி வண்டியை ஓட்டும் கருவிகளைச் சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்தார் செய்து அளித்தனர். 1978ஆம் ஆண்டில் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. எரிபொருளை வீணாக்காமல் ஓட்டும் முறைகளை அது மக்களுக்கு எடுத்துரைத்து வருகின்றது.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கோ, அதனினும் குறைவோதான் சக்கரங்களைச் சென்று அடைகின்றது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் கழிகின்றது. அரிதிற் கிடைக்கும் அக்கால் பங்கையும் நாம் வீணாக்கலாகாது. வண்டி பெற்ற வேகம் பெட்ரோலைச் செலவிட்டு வாங்கிய பொருளாகும். பிரேக்கை மிதிக்குந்தோறும் அப்பொருளை வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறோம். முன்னே நெடுந்தொலைவு நோக்கி ஓட்டுபவர், எதிரே மாடு குறுக்கிடுவதையோ ரயில்வே கதவு மூடுவதையோ முன்னரே கண்டு, காலை எடுத்துவிடுவார். வண்டி தானே மெல்லத் தளரும். இக்காலத்து எஞ்சின்களில் கியர் பூட்டியிருக்கக் காலை எடுத்தவுடன் பெட்ரோல் செல்வதும் நின்றுவிடுகின்றது. ஆற்றுப் பாலங்களின் சரிவில் கியரை நீக்கி ஓடவிடுதல் சிக்கனம் என்று சிலர் கருதுவர்; அது சிக்கனமும் அன்று, பாதுகாப்பும் அன்று. கியர் நீங்கிய வண்டிக்கு எஞ்சினின் தடை இல்லை. எஞ்சின் தனியே ஓடுவதற்கும் பெட்ரோல் செலவாகும்.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 40 நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 30 நிமிடம் ஆகும். மிச்சமாவது பத்தே நிமிடம். வழியில் ஊர்களும் கடைவீதிகளும் திருப்பங்களும் குறுக்கிடுவதால், அப்பத்து நிமிடமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனால், காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். 60இல் உள்ளதைக் காட்டிலும் 80இல் அவ்விசை முக்கால் பங்கிற்கு மேல் மிகுந்துவிடும். அதனை வெல்லும் பெட்ரோலுக்கு நாமே விலை தருகிறோம். மாதம் 40 லிட்டர் பெட்ரோல் செலவிடும் ஒரு குடும்பம், சீரான ஓட்டத்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால், ஆண்டொன்றுக்கு 48 லிட்டர் எஞ்சும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும். ஆகவே, அக்குடும்பம் 110 கிலோகிராம் அளவான அவ்வாயு காற்றிற் கலவாதவாறு தடுத்ததாகும்.

வேகத்தின் மற்றொரு விளைவு பணத்தால் அளக்கத்தக்கதன்று. இடரைக் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அவ்வொரு நொடியில், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 11 மீட்டர் ஓடிவிடும். பின்பு, வறண்ட நல்ல சாலையில் அது நிற்பதற்கு மேலும் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 20 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகமாயின், மொத்தம் 37 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகமாயின், 57 மீட்டர். வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு ஏறத்தாழ மும்மடங்காவதைக் காண்க. மழை பெய்து நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு பாதியாகக் குறையுமாயின், 60இல் செல்லும் கார் 80இல் செல்வது போலவே 57 மீட்டர் ஓடி நிற்கும். நாற்பது மீட்டர் முன்னால் பள்ளிக் குழந்தை ஒன்று மிதிவண்டியுடன் சாலையைக் கடக்குமாயின், இவ்வெண்களின் வேறுபாடே ஓர் உயிரின் வேறுபாடாகும்.

காவிரி நாட்டுச் சாலைகள் பல ஆற்றங்கரையின்மேலும் வாய்க்கால் ஓரத்திலும் செல்வன. ஆறு வளையுமிடத்தில் சாலையும் வளையும். ஒருபுறம் ஆறு, மறுபுறம் தாழ்ந்த வயல், இடையே குறுகிய பாதை. திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். திருப்பத்தினுள் பிரேக்கை அழுத்துதல் வண்டியை வழுக்கச் செய்யும். குறுவை அறுவடையின்போதும், தை மாதத்துச் சம்பா அறுவடையின்போதும் கதிர் அறுக்கும் பொறிகளும் நெல் ஏற்றிய டிராக்டர்களும் சாலையில் மெல்லச் செல்லும். களம் இல்லாத உழவர் நெல்லைச் சாலையோரத்திலேயே உலர்த்துவர். நெல்மணிகள் டயரின் அடியில் உருளைகள் போல் உருண்டு பிடிப்பைக் குறைக்கும். அவ்விடத்தில் விரைதல் தமக்கும் தீங்கு. ஓராண்டு உழைப்பைச் சிதறடித்தலும் ஆகும். சம்பாவுக்குப் பின் விளையும் உளுந்துச் செடிகளையும் பயற்றுச் செடிகளையும் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்கும்படி விடும் வழக்கமும் உண்டு. உலர்ந்த அச்செடிகள் காரின் அடியில் சுற்றிக்கொண்டு, புகைக்குழாயின் சூட்டால் தீப்பற்றக்கூடும். இயன்றவரை அதன்மேல் ஏற்றாமல் விலகிச் செல்லுதல் நன்று. ஏற்ற நேரின் சிறிது தொலைவு சென்று நிறுத்தி, அடியிற் பார்த்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் வாய்க்கால் பெருகிச் சாலையை மூடும். ஓடும் நீரின் ஆழமும், அதனடியில் சாலை உள்ளதா அரிக்கப்பட்டதா என்பதும் காரினுள் இருந்து அறிய இயலாதவை. ஒரு முழத்தினும் குறைந்த ஆழமுள்ள ஓட்டமும் சிறிய காரை இழுத்துச் செல்ல வல்லது. திரும்பிச் செல்லுதல் கோழைமை அன்று, அறிவுடைமையே. நீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் மீண்டும் இயக்க முயலலாகாது. உருளைக்குள் நீர் புகுந்திருப்பின், அழுத்த இயலாத அந்நீர் எஞ்சினின் உட்கம்பிகளை வளைத்து முறித்துவிடும். ஆழமற்ற நீரைக் கடந்து வந்தபின் பிரேக்கை மென்மையாகச் சிலமுறை மிதித்து உலர்த்துதல் வேண்டும்.

இரவில் எதிர்வரும் வண்டியைக் கண்டவுடன் விளக்கைத் தாழ்த்துதல் பண்பாடு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். கண் கூசிய ஓட்டுநர், விளக்கில்லாத மாட்டு வண்டியையும் நடந்து செல்வோரையும் காணமாட்டார். ஓட்டும்பொழுது கைப்பேசியை எடுத்தலும், உறக்கம் கண்ணை மறைக்க ஓட்டுதலும், மது அருந்தி ஓட்டுதலும் பெருங்குற்றங்கள். 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் பொலின் மூன்று முனை இருக்கைப் பட்டையை அமைத்தார். அவர் பணிபுரிந்த வால்வோ நிறுவனம் அதனைப் பிறரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ள அப்பட்டையைப் பின்னிருக்கையில் அமர்வோரும் அணிதல் வேண்டும். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் விளக்கு. விபத்தைக் காண்போர் 108 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் கடமை. மனமுவந்து உதவுவோரைச் சட்டம் காக்கின்றது. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை.

மாணவர்களே! பதினெட்டு வயது நிறையுமுன் காரை ஓட்டச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். ஓட்டும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. பேணும் கடமையோ இன்றே உங்களுக்கு உண்டு. வீட்டில் கார் இருப்பின், பெற்றோருடன் சேர்ந்து டயரின் காற்றையும் எண்ணெயின் மட்டத்தையும் பாருங்கள். குறிப்பேட்டை நீங்களே எழுதி வாருங்கள். பட்டை அணியாமல் வண்டி நகரலாகாது என்று பணிவுடன் வற்புறுத்துங்கள். கார் இல்லாதவர் தம் மிதிவண்டியின் பிரேக்கையும் சங்கிலியையும் இவ்வாறே பேணலாம். மின்கலத்தால் இயங்கும் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றில் பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் இல்லையாயினும், டயரும் பிரேக்கும் ஓட்டுநரின் கண்ணும் கருத்தும் என்றும் வேண்டுவனவே.

டயரில் உரிய காற்று இருந்தால் பெட்ரோல் மிச்சமாகும். அக்காற்றே திருப்பத்தில் உயிரையும் காக்கும். முன்னோக்கி ஓட்டுபவர்க்குச் செலவு குறையும். அம்முன்னோக்கே குழந்தையைக் கண்டு காரை நிறுத்தும். சிக்கனம் வேறு, பாதுகாப்பு வேறு, பேணுதல் வேறு என்று எண்ணுதல் பிழை. மூன்றும், வருவதை முன்னரே எண்ணிப் பார்க்கும் ஒரே பழக்கத்தின் பயன்கள். ஜூன் மாதத்து நீருக்காக மே மாதத்திலேயே வாய்க்காலைத் தூர் வாரும் நாட்டில் பிறந்தவர்க்கு, இப்பழக்கம் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டுவதன்று. வயலில் கைக்கொண்டதைச் சாலையிலும் கைக்கொண்டால் போதும்.